குவிமாட டுவீட்டரும் அலைவழிகாட்டியும்

ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி நம் செவியை இரு வழிகளால் வந்தடைகின்றது. ஒன்று நேரே வருவது; மற்றையது சுவர், கூரை, நிலம் ஆகியவற்றிற் பட்டுத் தெறித்து வருவது. வீட்டு அறையொன்றில் நாம் கேட்பதிற் கணிசமான பகுதி இரண்டாவது வகையைச் சேர்ந்ததே. ஆதலின், ஒலிபெருக்கியின் நேர்முன்னே அளந்து பெற்ற வரைபு எத்துணைச் செம்மையாயினும், பக்கங்களுக்குச் செல்லும் ஒலி சீர்கெட்டிருப்பின் இசையும் சீர்கெட்டே தோன்றும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் பிளொயிட் டூல் நடத்தி 1986இல் வெளியிட்ட கேட்டற் சோதனைகள் இதனை வலியுறுத்தின. நேரிலும் பக்கங்களிலும் சீராக ஒலிப்பவற்றையே கேட்போர் பெரிதும் விரும்பினர். தம் கையாலேயே ஒலிபெருக்கி அமைக்க விழைவோர் இவ்வுண்மையினின்றே தொடங்குதல் வேண்டும். டுவீட்டரை அலைவழிகாட்டியோடு இணைப்பதன் பயனும், அதற்கேற்ற டுவீட்டரைத் தெரிந்து திருத்தும் முறையும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 344 மீற்றர். ஆகவே 2,000 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் 17 ச.மீ.; 20,000 ஹேர்ட்ஸில் அது 1.7 ச.மீ. மாத்திரமே. அதிரும் பரப்பு அலைநீளத்தினும் மிகச் சிறிதாயின் ஒலி எங்கும் பரவும். அலைநீளத்தை நெருங்குமாயின் முன்னோக்கிக் குவியும். தாழ்ந்த சுரங்களுக்குரிய வூஃபரின் கூம்பு 13 ச.மீ. விட்டமுடையதெனக் கொள்வோம். 2,000 ஹேர்ட்ஸை அணுகும்போது அதன் ஒலி குவியத் தொடங்கிவிடும். அவ்விடத்திற் பணியை ஏற்கும் டுவீட்டரின் குவிமாடமோ 2.5 ச.மீ. விட்டமுடையது, அது அம்மீடிறனில் முகப்பலகையின் முன்புறமெங்கும் ஒலியைப் பரப்பும். இவ்வாறு, குறுகி வந்த ஒலி திடீரென அகன்று, பின்னர் மீண்டும் குறுகும். நேர்முன்னே மட்டும் அளப்பவனுக்கு இக்குறை புலப்படாது. அறையோ அதனை மறைக்காது. மின்சுற்றினாலும் இதனைத் தீர்த்தல் இயலாது. மின்சுற்று டுவீட்டரின் ஒலியை எல்லாத் திசைகளிலும் ஒருங்கே கூட்டும் அல்லது குறைக்குமேயன்றித் திசைக்குத் திசை வேறுபடுத்தாது.

இக்குறையைத் தீர்க்க வல்லது வடிவமே. டுவீட்டரின் முன்னே ஆழமில்லாத கிண்ணம்போன்ற வாயொன்றை அமைத்தால், அதன் சுவர்கள் அலையை ஒரு குறித்த கோணத்துள் நடத்திச் செல்லும். இதுவே அலைவழிகாட்டியாகும். ஒலிக்கொம்புகளின் கணிதத்தை வெப்ஸ்ரர் 1919இல் வெளியிட்டார். அக்கொம்புகளின் முதல் நோக்கம் ஒலியை மிகுவித்தல். திசையை ஆளுதலையே முதல் நோக்கமாகக் கொண்ட அலைவழிகாட்டிக் கொள்கையை ஏர்ல் கெடிஸ் 1989இல் வெளியிட்டார். பின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான ஒலிபெருக்கிகளில் இவ்வமைப்பை 1980களிலேயே கையாண்டது. வாயின் விட்டத்தோடு ஒத்த அலைநீளம் வரையே இவ்வாட்சி செல்லும். 15 ச.மீ. வாய் ஏறத்தாழ 2,300 ஹேர்ட்ஸ் வரை பயன்தரும். எனவே வூஃபரின் அளவை ஒத்த வாயே பெரும்பாலும் தக்கது.

இதனால் விளையும் இரண்டாவது நன்மையொன்றும் உண்டு. பரந்து செல்ல வேண்டிய ஒலி முன்னோக்கித் திரட்டப்படுவதால், டுவீட்டரின் கீழ் எல்லையில் ஒலிமட்டம் 6 டெசிபெல் அளவிலோ அதற்கு மேலோ உயரும். 6 டெசிபெல் உயர்வெனின், அதே ஒலிக்குக் குவிமாடம் முன்னரினும் பாதித் தூரமே அசைந்தாற் போதும். மீடிறன் பாதியாகக் குறையும்போது வேண்டப்படும் அசைவு நான்கு மடங்காகுமாதலின், முன்பு 2,800 ஹேர்ட்ஸில் தாங்கிய பளுவையே டுவீட்டர் இப்போது 2,000 ஹேர்ட்ஸிலும் தாங்கும்.

எல்லா டுவீட்டரும் இதற்கு ஏற்றவையல்ல. முதற்கண் நோக்கத்தக்கது முகப்புத் தட்டு. சிலவற்றில் மென்றகடும் குரற்சுருளும் தனி வளையமொன்றில் அமைந்து காந்தத்தின்மீது நிலைபெற்றிருக்கும். திருகாணிகளைக் கழற்றினால் தட்டு மட்டும் வந்துவிடும். வேறு சிலவற்றில் மென்றகடு தட்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். தட்டை எடுத்தாற் சுருளும் உடன்வரும். முந்தியதே நமக்கு வேண்டியது. இரண்டாவது, குவிமாடத்தைச் சூழும் மீள்தன்மையுள்ள தாங்கு வளையம். இது ஒடுங்கியதாயும் உயர்ந்து புடைக்காததாயும் இருத்தல் நன்று. அகன்று புடைத்த வளையம் அலைவழிகாட்டியின் தொண்டையிலே படியொன்றை உண்டாக்கும். மூன்றாவது, குவிமாடத்தின் உயரம். அதன் உச்சி விளிம்பினும் 4 மி.மீ. முன்னே நிற்குமாயின், 20,000 ஹேர்ட்ஸில் அது ஏறத்தாழக் காலலைநீள வேறுபாடாகும். உச்சியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் எழும் ஒலிகள் ஒன்றையொன்று ஓரளவு அழிக்கும். எனவே தாழ்ந்த குவிமாடமே விரும்பத்தக்கது. நான்காவது, பரிவு மீடிறன். அது வூஃபரும் டுவீட்டரும் பிரியும் மீடிறனின் பாதியளவிலோ அதனினும் தாழ்ந்தோ இருத்தல் வேண்டும். விலை இவ்வரிசையிற் சேராமையை அறிக. மிக உயர்ந்த விலையுடைய டுவீட்டரும் தட்டுக் கழலாததாயின் இப்பணிக்கு உதவாது. தொடக்கநிலையினர், ஜெர்மனியின் மொனகோர் நிறுவனம் தனது டிடி-300 டுவீட்டருக்கெனவே செய்த டபிள்யூஜி-300 போன்ற அமைப்பினின்று தொடங்கலாம். முப்பரிமாண அச்சுப்பொறி வாய்க்கப் பெற்றோர் தாமே வடிவமைத்தும் கொள்ளலாம்.

திருத்தும் வேலையிற் பெரும்பகை காந்தமே. இரும்புத் திருப்புளி காந்தத்தால் ஈர்க்கப்பட்டுக் குவிமாடத்தைத் துளைத்துவிடும். காந்தத்தாற் கவரப்படாத கருவியைக் கையாளுக. சுருள் அசையும் இடைவெளி மில்லிமீற்றரின் சிறு பின்னமே. அதனுட் புகும் இரும்புத்தூள் சுருளை உரசும். ஆகையால் துளையிடுதலும் அராவுதலும் டுவீட்டரை வேறிடத்தில் மூடிவைத்த பின்னரே செய்யத்தக்கன. தொண்டையின் விட்டம் குவிமாடத்தோடு தாங்கு வளையத்தின் அசையும் பகுதியையும் உள்ளடக்கியதாக அமைக. வளையத்தைச் சூழ்ந்து வெற்றுப் பள்ளம் எஞ்சினால் அது சிறு அறைபோல் ஒலித்து வரைபிற் பள்ளமோ மேடோ தோற்றுவிக்கும். வளையத்தைத் தொடாதவாறு அதனை மெல்லிய கம்பளியால் நிரப்புதல் வேண்டும். இணைப்பிற் காற்றுக் கசிதலும் ஆகாது. வாயின் வெளி ஓரம் கூர்மையாய் முடியாது முகப்பலகையோடு வளைந்து கலத்தல் வேண்டும். இன்றேல் விளிம்பிற் சிதறும் அலை நேர்முன்னே ஒரு பள்ளத்தை உண்டாக்கும்.

பொருத்திய பின்னர் பழைய பிரிப்புச் சுற்றை அப்படியே பயன்படுத்துதல் கூடாது. மிகுந்த ஒலிமட்டத்தைச் சுற்றினாற் குறைத்தாலன்றி ஓசை கரகரத்துக் காதை உறுத்தும். குவிமாடத்தின் சுமையும் குறையாது. அன்றியும் அலைவழிகாட்டியின் ஆழத்தால் டுவீட்டர் பின்னுக்குச் செல்கின்றது. 2.5 ச.மீ. ஆழம் 2,000 ஹேர்ட்ஸில் அலைநீளத்தின் ஏழிலொரு பங்காகும். வூஃபரின் கூம்பும் உள்ளே அமிழ்ந்திருத்தலால் இப்பின்னடைவு பெரும்பாலும் நன்மையே. ஆயினும் இதனையும் கணக்கிற் கொண்டே சுற்று வகுக்கப்படல் வேண்டும்.

இறுதியாகச் செய்யத்தக்கது அளத்தல். ஒலிவாங்கியை ஒரு மீற்றர் தூரத்தில் நிறுத்தி, ஒலிபெருக்கியை 0 பாகை முதல் 90 பாகை வரை 15 பாகைக்கு ஒருமுறை திருப்பி அளந்து, ஏழு வரைபுகளையும் ஒருசேர வைத்து நோக்குக. கோணம் கூடக்கூட வரைபுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காய்த் தாழுமாயின் வேலை நிறைவேறிற்று. அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாயின் சுற்றைத் தொடாது தொண்டையையும் வாயையும் மீண்டும் நோக்குதல் வேண்டும். நேர்முன்னே எழும் மேடுபள்ளத்தைப் பின்னர் மின்சுற்றாலும் திருத்தலாம். திசையிற் பிழைத்ததை வடிவமே திருத்தும்.