மலையேறும் வீடு

வீடு என்பது ஓரிடத்தில் நிலைத்திருப்பது. வண்டி என்பது ஓரிடத்தில் நில்லாது ஓடுவது. இவை ஒன்றுக்கொன்று மாறானவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், இவ்விரண்டையும் ஒன்றாக்கி வாழ்வோரும் உலகில் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நெடுந்தொலைவு ஓடி ஓய்ந்த பேருந்துகளை விலைக்கு வாங்கி, அவற்றை வீடுகளாக மாற்றிக்கொண்டு நாடெங்கும் சுற்றிவரும் குடும்பத்தினர் பலர். அலுவலினின்றும் ஓய்வு பெற்ற முதியோர் சிலர் ஆண்டின் பெரும்பகுதியை அத்தகைய பேருந்திலேயே கழிப்பதும் உண்டு.

பேருந்தை வீடாக்க விரும்புவோர் முதலில் அதன் இருக்கைகளை எல்லாம் அகற்றுவர். முன்புறத்தில் அமர்ந்து உரையாட இடம் அமைப்பர். நடுவில் அடுப்பும் குளிர்பெட்டியும் கொண்ட சமையலறை அமையும், அதனை அடுத்துக் குளியலறை, பின்புறத்தில் படுக்கையறை. முன்பு பயணிகளின் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்த கீழறைகளில் இப்பொழுது நீர்த்தொட்டிகளும் மின்கலங்களும் இடம்பெறும். இவ்வகைப் பேருந்துகளில் எஞ்சின் வண்டியின் பின்கோடியில் இருக்கும். ஆகவே, வீட்டார் உறங்கும் கட்டிலுக்கு அடியிலேயே அவ்வீட்டை ஓட்டிச் செல்லும் எஞ்சினும் அமைந்துவிடுகிறது.

சமவெளியில் செல்லும்வரை பழைய எஞ்சினைப்பற்றி எவரும் குறை கூறுவதில்லை. அங்கே அது காற்றின் தடையையும் சக்கரங்களின் உராய்வையும் வென்றால் போதும். மலைப்பாதையிலோ வண்டியின் எடை முழுவதையும் மேலே தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. 16 டன் எடையுள்ள பேருந்து ஒன்று, 100 அடி தொலைவுக்கு 6 அடி உயரும் சாலையில் ஏறுவதாகக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால், எடையை உயர்த்துவதற்கு மட்டுமே ஏறத்தாழ 175 குதிரைத்திறன் தேவை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் 280 குதிரைத்திறன் தேவை. காற்றையும் உராய்வையும் வெல்ல வேண்டிய ஆற்றல் இதற்கு மேற்பட்டது. 200 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின் அச்சாலையில் ஏன் ஊர்ந்து செல்கிறது என்பது இதனால் விளங்கும்.

உயரமும் ஓர் இடையூறு ஆகும். கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரைக் குடைந்து அமைத்த ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் பத்தில் ஏழு பங்கே இருக்கும். எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும் அன்றோ? காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ என்னும் கருவி இல்லாத எஞ்சின் அங்கே மூச்சுத் திணறும். இக்காரணங்களால், வீட்டுப் பேருந்து வைத்திருப்போர் சிலர் பழைய எஞ்சினை நீக்கிவிட்டு, அதனினும் பெரியதொரு டீசல் எஞ்சினைப் பொருத்த விழைகின்றனர். அவ்வேலை எத்தன்மையது என்பதை இனிக் காண்போம்.

டீசல் எஞ்சின் அதனைக் கண்டவர் பெயராலேயே வழங்குகிறது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் 1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்தவர். இவர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். காற்றை விரைவாக அழுத்தினால் அது சூடேறும். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்பொழுது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் அறிவீர்கள். டீசல் எஞ்சினின் உருளைக்குள் காற்று, தன் பருமனில் பதினாறில் ஒரு பங்கு அளவிற்கும் அழுத்தப்படுகிறது. அப்பொழுது பிறக்கும் வெப்பத்தில், உள்ளே பீச்சப்படும் எண்ணெய் தானே தீப்பற்றி எரிகிறது. தீப்பொறி ஊட்ட வேண்டுவதில்லை. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைத் தள்ள, எஞ்சின் சுழல்கிறது.

அமெரிக்கப் பேருந்துகளில் நெடுங்காலம் புகழ்பெற்று விளங்கியவை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட 71ஆம் வரிசை எஞ்சின்கள். 71 என்பது ஓர் உருளையின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிக்கும். 6-71 என்றால் ஆறு உருளைகள்; 8வி-71 என்றால் ‘வி’ வடிவில் இரு வரிசையாக அமைந்த எட்டு உருளைகள். எனவே, பெயரைக் கொண்டே எஞ்சினின் பருமனைக் கணக்கிட்டுவிடலாம். 71ஐ எட்டால் பெருக்கினால் 568 கன அங்குலம். அஃதாவது, ஏறத்தாழ 9.3 லிட்டர்.

எஞ்சினை மாற்றும் முயற்சிக்குப் பேருந்து வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. கிரேஹவுண்ட் என்னும் பேருந்து நிறுவனத்திற்காக, 1954 முதல் 1956 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘சீனிக்ரூசர்’ என்னும் பேருந்துகள் 1,001ஐக் கட்டித் தந்தது. 40 அடி நீளமும் இரு தளங்களும் கொண்ட அப்பேருந்துக்கு ஏற்ற தனியொரு பெரிய எஞ்சின் அக்காலத்தில் ஆயத்தமாக இல்லை. ஆதலால், நான்கு உருளைகள் கொண்ட 4-71 எஞ்சின்கள் இரண்டை அருகருகே வைத்துப் பிணைத்தனர். இப்பிணைப்பு ஓயாது தொல்லை தந்தது. பின்னர் 8வி-71 எஞ்சின் வெளிவந்தது. 1961, 1962ஆம் ஆண்டுகளில், எஞ்சியிருந்த சீனிக்ரூசர்களில் இரட்டை எஞ்சின்களை அகற்றி, 8வி-71 ஒன்றைப் பொருத்தினர். எஞ்சினை மட்டும் மாற்றி அவர்கள் நின்றுவிடவில்லை. கியர்ப் பெட்டியையும் உடன் மாற்றினர் என்பது நோக்கத்தக்கது. எஞ்சின் மாற்றம் ஒரு பொருளோடு முடிவதன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இவ்வுண்மை வீட்டுப் பேருந்துக்கும் பொருந்தும். பழைய 8வி-71 எஞ்சினை நீக்கிவிட்டு, 1987ஆம் ஆண்டில் டெட்ராய்ட் டீசல் நிறுவனம் வெளியிட்ட ‘சீரீஸ் 60’ எஞ்சினைப் பொருத்துவோர் உளர். 8வி-71 லாரிகளில் 318 குதிரைத்திறன் அளித்துப் பெயர்பெற்றது. 12.7 லிட்டர் கொள்ளளவுள்ள சீரீஸ் 60, டர்போவின் துணையால் 400 குதிரைத்திறனுக்கும் மேல் தரவல்லது. ஆனால், அதன் ஆறு உருளைகளும் ஒரே வரிசையில் நிற்பதால் அது நீளம் மிக்கது. பழைய எஞ்சின் இருந்த அறை அதற்குப் போதாமல் போகலாம். முதலில் இடத்தை அளந்தறிய வேண்டும். இடம் போதாதென்று பேருந்துச் சட்டத்தின் குறுக்குவிட்டத்தை அறுத்துவிட்டு வாளாவிருத்தல் கூடாது. அறுத்த விட்டம் தாங்கிய சுமையை வேறொரு விட்டம் தாங்குமாறு அமைத்தல் வேண்டும்.

அடுத்துக் கருதத்தக்கது எடை. எஞ்சின் பின்கோடியில் இருப்பதால், அதன் எடை பெரும்பாலும் பின்னச்சின்மீதே விழும். வீட்டார் சேர்த்த தட்டுமுட்டுப் பொருள்களின் சுமையோ முன்பே ஏறியுள்ளது. மெல்லிய மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் உணர்த்தினார். இரும்பாலாகிய எஞ்சினுக்கு இவ்வறிவுரை எத்துணை இன்றியமையாதது! ஆகையால், பேருந்தை எடைமேடையில் நிறுத்தி, ஒவ்வோர் அச்சும் தாங்கும் சுமையைத் தனித்தனியே அளந்தறிதல் முறையாகும்.

மூன்றாவது முறுக்குவிசை. திருகாணியைத் திருகும்பொழுது நாம் கையால் தரும் சுழற்றும் விசை போன்றது இது. பெரிய எஞ்சினின் முறுக்குவிசையும் பெரியது. அவ்விசை கியர்ப் பெட்டி, சுழல்தண்டு, பின்னச்சு ஆகியவற்றின் வழியாகச் சென்றே சக்கரத்தை அடைகிறது. இவற்றுள் எது வலிமை குன்றியதோ அதுவே முதலில் முறியும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆகும்.

பின்னச்சின் பல்சக்கர விகிதத்தையும் நோக்க வேண்டும். சக்கரம் ஒருமுறை சுற்றினால் பேருந்து 3.2 மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்பொழுது, பேருந்து ஒரு நிமிடத்தில் 1,600 மீட்டர் செல்லும். சக்கரம் 500 முறை சுற்றும். விகிதம் நான்குக்கு ஒன்றானால், நேரடிக் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 முறை சுற்ற வேண்டும். மூன்றுக்கு ஒன்றானால் 1,500 சுற்றே போதும். விரைந்து சுழலும் பழைய எஞ்சினுக்கு முன்னது ஏற்றது. நிதானமாகச் சுழன்று மிகுவிசை தரும் புதிய எஞ்சினுக்குப் பின்னது ஏற்றது. விகிதத்தை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால், எண்ணெய் வீணாவதோடு இரைச்சலும் மிகும்.

நான்காவது வெப்பம். எரிபொருளில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதனினும் சிறிது மிகுதியே வேலையாக மாறுகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, மற்றொரு பகுதியைக் குளிர்நீர் ஏற்று ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. எஞ்சின் முன்புறம் உள்ள வண்டியில், ஓடும்பொழுது எதிர்க்காற்று ரேடியேட்டரில் நேரே மோதிக் குளிர்விக்கும். பின்புறம் எஞ்சின் கொண்ட பேருந்துக்கு அந்நலம் இல்லை, விசிறியே துணை. மலையேற்றத்தில் வண்டி மெல்லச் செல்ல, எஞ்சின் முழுவலியோடு உழைக்கும். அந்நேரத்தில் பழைய சிறிய ரேடியேட்டர் பெரிய எஞ்சினின் வெப்பத்தைத் தாங்கமாட்டாது. நீர் கொதித்து, உருளைத் தலைப்பு வெடித்துவிடின், செய்த செலவெல்லாம் ஒரு நாழிகையில் பாழாகும். பெரிய எஞ்சினை வாங்குமுன் பெரிய ரேடியேட்டருக்கு இடமுண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை.

இவற்றினும் சிறந்ததொன்று உண்டு. ஏறிய மலையினின்றும் இறங்க வேண்டும் அன்றோ? 16 டன் பேருந்து 300 மீட்டர் உயரத்தினின்று கீழிறங்கும்பொழுது வெளிப்படும் ஆற்றலை வெப்பமாகக் கணக்கிட்டால், 160 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஓட்டுநர் ஓயாது பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், இவ்வெப்பத்தில் பெரும்பகுதி பிரேக்கில் சேரும். மிகச் சூடேறிய பிரேக் பற்றும் தன்மையை இழந்துவிடும். அப்பொழுது வண்டியைத் தடுப்பார் யார்?

இவ்வச்சத்தை நேரில் கண்டவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். இவர் 1919ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் டீசல் எஞ்சின் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தவர். தம் எஞ்சினின் சிறப்பை உலகறியச் செய்ய, 1931ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி லாரி ஒன்றைச் செலுத்திச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். கலிபோர்னியாவில் காஹோன் கணவாயில் இறங்கும்பொழுது பிரேக் செயலற்றது. வண்டி தறிகெட்டு ஓடியது. கீழே இருப்புப்பாதையைக் கடக்குமிடத்தில் புகைவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. மயிரிழையில் அவர்கள் உயிர் தப்பினர். வண்டியை ஓட்டும் எஞ்சினே அதனைத் தடுக்கவும் ஏன் உதவலாகாது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆண்டுகள் பல சென்றபின், முதுமையில், அதற்கு வழி கண்டார். உருளையில் காற்று முழுதும் அழுத்தப்பட்ட நொடியில் வால்வைத் திறந்து அதனை வெளியேற்றிவிட்டால், எஞ்சின் வண்டியை உந்தாது. வண்டியின் ஓட்டத்தையே உண்டு காற்றை அழுத்தும் பம்பாக மாறிவிடும். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961ஆம் ஆண்டில் இவ்வெஞ்சின் தடையை விற்பனைக்குக் கொணர்ந்தது. எஞ்சினை மாற்றுவோர் இதனையும் உடன் பொருத்திக்கொள்வது நன்று. அப்பொழுதும் ஓட்டுநர் தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குதலே முறை.

எனவே, வீட்டுப் பேருந்துக்குப் பெரிய எஞ்சின் வேண்டுவோர் தம்மைத்தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். சட்டம் தாங்குமா? அச்சு பொறுக்குமா? கியர்ப் பெட்டி ஈடுகொடுக்குமா? வெப்பம் வெளியேறுமா? இறங்குகையில் வண்டி அடங்குமா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்னும் விடை கிடைத்தால் அவர்கள் துணிந்து அப்பணியில் இறங்கலாம். கிடைக்காவிடின், பழைய எஞ்சினைச் செம்மையாகப் பேணி, பாதையின் ஓரமாக மெல்ல ஏறிச் செல்வதில் இழுக்கொன்றும் இல்லை. அவ்வண்டியில் செல்வது வெறும் சரக்கன்று, ஒரு குடும்பம். பத்து நிமிடம் பிந்திச் சென்றாலும் அக்குடும்பம் நலமாக ஊர் சேர வேண்டும்.

மாணவர்களே! ஆற்றலைப் பெருக்குதல் எளிது. அவ்வாற்றலைத் தாங்கும் உறுதியையும், தணிக்கும் குளிர்ச்சியையும், அடக்கும் திறனையும் உடன் பெருக்குதலே அரிது. செல்வமும் அதிகாரமும் வந்து எய்தும்பொழுது, அவற்றைத் தாங்கும் பண்பு நம்மிடம் வளர்ந்துள்ளதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏறும் வலிமை பெற்றவன் இறங்கும் வழியையும் அறிந்திருப்பானாயின், அவன் பயணம் இனிது முடியும்.