ஈரம் உலருமுன்

கரிசல் பாளமாக வெடிக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வெயில், ஈரக் கண்ணாடியில் நெகட்டிவ் எடுத்து ஆல்புமென் காகிதத்தில் அச்சிடும் பழைய கலைக்கு முதற்பாதியில் பகையாகவும் பிற்பாதியில் பெருந்துணையாகவும் இருப்பதை, இங்கே அதைப் பயில விரும்புகிறவர் ஆரம்பத்திலேயே உணர்வது அவசியம்.

ஆங்கிலேயரான ஆர்ச்சர் 1851ல் வெளியிட்ட முறை இது. பருத்தி நாட்டாருக்கு அந்நியமல்லாத பஞ்சை அமிலங்களில் ஊறவைத்து வெடிபஞ்சாக்கி, ஈதரிலும் சாராயத்திலும் கரைத்து, அயோடைடு உப்புச் சேர்த்தால் கொலோடியன் சித்தமாகும். மட்டமாகப் பிடித்த கண்ணாடியின் நடுவில் அதை ஊற்றி, மூலை மூலையாக ஓடவிட்டு, கடைசி மூலை வழியே மிச்சத்தைக் குப்பியில் வடித்து, படலம் இறுகத் தொடங்கியதும் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் சுமார் மூன்று நிமிஷம் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, இரும்பு சல்பேட்டால் உருவத்தை வெளிக்கொணர்ந்து, ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட் கரைசலில் நிலைநிறுத்த வேண்டும். குளிர்தேசத்தில் ஈரம் உலருமுன் பத்து நிமிஷத்துக்கு மேலும் அவகாசம் கிடைக்கும். ஈதரோ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. சித்திரையில் நம் நிழலின் உஷ்ணமே அதைத் தாண்டிவிடும். மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதே கண்ணாடிக்கு உகந்தது. ஈதரின் ஆவி விளக்கை எட்டினால் தீப்பற்றும். வெள்ளி நைட்ரேட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

தண்ணீரும் ஒரு சோதனை. உப்புக் கரிக்கும் கிணற்றுநீர் ஒரு துளி விழுந்தாலும் வெள்ளிக் கரைசல் பாலாய்த் திரிந்துவிடும். மழைநீரோ வாலை வடிநீரோதான் வேண்டும்.

மதுரையை 1858ல் படமெடுத்த, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய மெழுகுக் காகித நெகட்டிவைப் பெரிதும் கையாண்டார். பத்தாண்டு கழித்து அங்கே படமெடுக்க வந்த எட்மண்ட் லயன் ஈரக் கண்ணாடியோடு போராடினார். டிரைப்புக்கு உதவியாளராக உழைத்த ஐயாசாமி போன்றவர்களின் பிரயாசையை நாம் போதிய அளவு போற்றவில்லை என்பது என் மனக்குறை.

அச்சில் நிலைமை மாறுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை உப்பிட்டு நுரைக்க அடித்து, தெளிந்தபின் மெல்லிய காகிதத்தை அதன்மேல் மிதக்கவிட்டு, உலர்த்தி, வெள்ளி நைட்ரேட்டிலும் மிதக்கவிட்டு, மீண்டும் இருட்டில் உலர்த்தி, நெகட்டிவோடு சட்டத்தில் அழுத்தி வெயிலில் வைத்தால், சூரியனே சித்திரத்தைத் தீட்டுகிறது. சட்டத்தின் பின்கதவில் ஒருபாதியை நீக்கிப் பார்த்து, வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே கறுக்கவிட வேண்டும். பின்னர் தங்கக் கரைசலும் ஹைப்போவும் அதை வெளுக்கச் செய்யும். வார்னிஷ் பூசிய நெகட்டிவ்கள் கோடைவரை காத்திருக்கும்; வெள்ளியிட்ட காகிதமோ காத்திராது, அன்றே அச்சிடாவிட்டால் மஞ்சளித்துப் போகும்.