காட்டுப்புறாவும் ஒட்டுண்ணியும்

குற்றாலத்துச் சாரல் ஓய்ந்த பொழுதுகளில் இலஞ்சியின் வயல்வரப்புகளில் இறங்கிச் சிந்திய நெல்மணிகளைப் பொறுக்கும் புள்ளிப்புறாவையும், கோயில் கோபுரங்களில் அடையும் மாடப்புறாவையும், மலையடிவாரத்து நிழலில் தனித்துத் திரியும் நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவையும் கண்டு களிப்போர் பலர். ஆனால், அச்சாதுப் பறவைகளின் இறகிலும் தொண்டையிலும் இரத்தத்திலும் வேறு ஜீவராசிகள் குடியிருக்கின்றன என்பதையும், பறவைகளின் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர்கள் மனித குலத்துக்கே பேருபகாரம் புரிந்தனர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

1897 ஆகஸ்டு மாதம் செகந்தராபாத்தில், மனிதரைப் பீடிக்கும் மலேரியாக் கிருமி ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் வளர்வதைக் கண்ட ரொனால்டு ராஸ், மறு ஆண்டு கல்கத்தாவில் பரீட்சைக்குப் போதிய நோயாளிகள் அகப்படாமையால், சிட்டுக்குருவி முதலிய பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராயத் தொடங்கினார். 1898 ஜூலையில் அக்கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டதோடு, அத்தகைய கொசுக்கள் கடித்ததால் ஆரோக்கியமான குருவிகளும் நோயுற்றதை நிரூபித்தார். 1902இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இச்சிறு பறவைகளுக்கும் பங்கு உண்டு.

மாடப்புறாவின் இரத்தச் சிவப்பணுக்களில் வாழும் ‘ஹீமோபுரோட்டியஸ் கொலம்பே’ என்னும் ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமியின் உறவினமேயாயினும், அதைச் சுமந்து திரிவது கொசுவன்று. தட்டையான உடலுடன் இறகுகளுக்கிடையே ஒளிந்திருந்து இரத்தம் குடிக்கும் ஒருவகை ஈயாகும். இவ்வுண்மையை 1906இல் அல்ஜீரியாவில் செர்ஜென்ட் சகோதரர்கள் வெளிப்படுத்தினர். ஈயின் உடலுக்குள் அவ்வொட்டுண்ணி படிப்படியாக வளர்ச்சி பெறும் விதத்தை விரிவாக ஆராய்ந்து 1915இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதியவர் ஹெலன் ஆடி என்ற பெண்மணி. ராஸின் புகழ் உலகெங்கும் பரவியிருக்க, நுண்ணோக்கியின் முன் அவ்வளவு பொறுமையோடு உழைத்த இவ்வம்மையாரின் நாமம் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாதது வருந்தத்தக்கது. இவ்வொட்டுண்ணி மனிதரைப் பற்றுவதில்லை. ஆகையால், இதன்பொருட்டுப் புறாவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இதனினும் கொடியது, தொண்டையில் வாழும் ‘டிரைக்கோமோனாஸ்’ என்னும் நுண்ணுயிர். தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் சுரக்கும் பாலை அலகோடு அலகு பொருத்திக் குஞ்சுக்கு ஊட்டுவது புறா இனத்தின் விசேஷம். அன்பின் வடிவான அந்த ஊட்டலின் வழியாகவே இந்நோயும் குஞ்சைச் சென்றடைகிறது. வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்ற, இரையை விழுங்க மாட்டாமல் பறவை மெலிந்து மடிகிறது. புறத்தே நோயின் குறி ஏதுமில்லாத புறாக்களும் கிருமியைச் சுமந்திருக்கக் கூடுமாதலால், அவை அருந்திய நீரும் கொத்திய தீனியும் பிற பறவைகளுக்கு ஆபத்தாகின்றன. 2005 முதல் பிரிட்டனில் ‘கிரீன்ஃபிஞ்ச்’ என்னும் பச்சை நிறக் குருவிகள் பெருவாரியாக மடிந்ததற்கு இந்நுண்ணுயிரே காரணம்.

இறகில் வாழும் ஒட்டுண்ணிகளை எதிர்க்கப் பறவைக்கும் இயற்கை ஆயுதம் அளித்திருக்கிறது. மேலலகின் நுனி கீழலகைத் தாண்டிச் சற்றே வளைந்திருப்பதன் பயனை அமெரிக்க விஞ்ஞானி டேல் கிளேட்டனின் குழுவினர் ஆராய்ந்தனர். மாடப்புறாக்களில் அந்நுனியைச் சிறிதளவு குறைத்தபோது இறகுப் பேன்கள் பெருகியதைக் கண்டனர். ஓயாமல் இறகு கோதுவது வெறும் அலங்காரமன்று, உயிர் காக்கும் காரியம் என்பது இதனால் தெளிவாகிறது.

கோடையில் மொட்டைமாடியில் பறவைகளுக்கு நீர் வைக்கும் நற்பண்பு நம் ஊர்களில் பெருகி வருகிறது. அந்தத் தர்மம் தீமையாக முடியாதிருக்க, பாத்திரத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, புதுநீர் நிரப்புங்கள். ஈரம் வற்றிய இடத்தில் டிரைக்கோமோனாஸ் கிருமி பிழைப்பதில்லை. நோயுற்ற பறவையைக் கண்டால், சில வாரங்கள் நீரும் தீனியும் வைப்பதை நிறுத்துங்கள்.