சித்திரமும் திரைப்படமும்: கதை ஒன்றா, இரண்டா?

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு சித்திரக்கதை இதழொன்றிலே பிறந்தவன் சுப்பர்மான். 1940இல் அவன் வானொலி நாடகத்திற் புகுந்தான். 1941இல் சித்திரப்படத்திற் பறந்தான். 1948இல் நடிகர் ஒருவர் அவனாக வேடம் புனைந்து தொடர்ப்படத்தில் நடித்தார். ஒரு வீரன் இவ்வாறு பல வீடுகளில் வாழத் தொடங்கியபோதே ஒரு வினாவும் உடன் பிறந்தது எனலாம். சித்திரப்படத்தில் நிகழ்வதும், நடிகர் நடிக்கும் திரைப்படத்தில் நிகழ்வதும் ஒரே வரலாறாக இருத்தல் வேண்டுமா? அன்றி, ஒவ்வொன்றும் தன் வழியே செல்லலாமா?

ஒன்றாக இருத்தல் வேண்டும் என்போர் கூறும் காரணம் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. 2008இல் 'அயன்மான்' படத்தோடு தொடங்கிய மார்வல் திரைப்பட வரிசையில் ஒரு படத்தின் நிகழ்ச்சி பின்வரும் படங்களுக்குக் காரணமாயிற்று. தாம் காணும் ஒவ்வொன்றும் பெரியதொரு கதையின் பகுதி என்னும் நிறைவு பார்ப்போருக்குக் கிடைத்தது. அந்நிறைவு சித்திரத்திலும் கிடைத்தாலென்ன என்று அவர்கள் கேட்கின்றனர்.

ஆயின், இணைப்பு என்பது ஒரு கட்டுமாகும். 2002இல் வெளிவந்த 'ஸ்பைடர்மான்' திரைப்படத்தின் பின்கதையாக, 2003இல் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் வந்தது. அதிலே கொனர்ஸ் என்னும் விஞ்ஞானி பல்லியுருவங் கொண்டு மாண்டுபோகிறார். மறு ஆண்டு வெளிவந்த இரண்டாவது திரைப்படத்திலோ, அதே கொனர்ஸ் பேராசிரியராக உயிரோடு நடமாடுகிறார்! பெரும் பொருள் செலவாகும் திரைப்படம் சிறியதொரு தொடருக்காகத் தன் கதையை மாற்றிக்கொள்வது அரிது. ஆகவே, கட்டுண்டு நடக்க வேண்டியது பெரும்பாலும் சித்திரமே.

கட்டின்றி நடந்த சித்திரம் செய்ததையும் நோக்குதல் தகும். 1989இல் வந்த 'பற்மான்' திரைப்படத்தின் முடிவிலே ஜோக்கர் என்னும் கொடியவன் இறந்துவிடுகிறான். அப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து 1992இல் தொடங்கிய சித்திரத் தொடர், அதன் கதையை ஏற்றிருப்பின் ஜோக்கருக்கு அங்கே இடமிராது. அது தனிக்கதையாயிற்று, ஜோக்கரும் உயிர் பெற்றான். அவனுக்குத் துணையாக ஹார்லி குவின் என்னும் புதிய பாத்திரத்தை அத்தொடரினர் படைத்தனர். அவள் பின்னர் சித்திரக்கதை நூல்களிலே புகுந்தாள். 2016இல் திரைப்படத்துக்கும் வந்தாள். சுப்பர்மானின் வலிமையைக் குன்றச் செய்யும் கிரிப்டொனைற் என்னும் கனிப்பொருளும் 1943இல் வானொலி நாடகத்திலேதான் முதன்முதல் தோன்றியது. கிளையில் அரும்பியதே பின்னர் மரத்துக்கு அழகாயிற்று.

இனி, இணைப்பு ஒருபோதும் ஆகாது என்பதும் பொருந்தாது. 2024 டிசம்பரில் வந்த 'கிரீச்சர் கொமாண்டோஸ்' சித்திரத் தொடரையும், 2025இல் வந்த 'சுப்பர்மான்' திரைப்படத்தையும் எழுதியவர் ஜேம்ஸ் கன் ஒருவரே. தொடரில் ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகரே படத்திலும் அப்பாத்திரமாகத் தோன்றினார். எழுதும் கை ஒன்றானபடியால் அங்கே முரண்பாட்டுக்கு இடங் குறைவு. இதற்கு மாறாக, மார்வல் திரைப்படங்களுக்கு முற்கதையாக முதலில் எண்ணப்பட்ட ஸ்பைடர்மான் சித்திரத் தொடரொன்று, 2025இல் வெளிவந்தபோது வேறொரு காலப்போக்கிற்குரிய கதையாக மாற்றப்பட்டிருந்தது. கட்டை அவிழ்த்த பின்னரே அதன் ஆசிரியர்க்கு வேண்டிய உரிமை கிட்டியது.

ஆகவே, தொடக்கம் முதல் ஒருவரே திட்டமிட்டால் இரண்டும் ஒரு கதையாகலாம். அல்லாவிடத்துப் பிரிந்திருத்தலே நன்று. சித்திரத் தொடரைக் காண்போருட் பலர் சிறுவர். இன்னொரு படத்துக்குச் சீட்டு வாங்கினாலன்றி விளங்காத கதையை அவர்முன் வைத்தல் முறையன்று. தன்னளவில் முழுமையுடைய கதையே அவர்க்குரியது.