விடை மைனஸில் வந்தா தப்பா? கிர்க்காஃப் விதி சொல்வது இதுதான்!

பிளஸ் 2 இயற்பியலில் பலரும் பதறும் இடம் இது. 1845-ல் 21 வயது மாணவர் கிர்க்காஃப் தந்த விதிகள் இரண்டே:

சந்தி விதி: சந்திக்குள் வரும் கரண்ட்டும் வெளியேறும் கரண்ட்டும் சமம்.

சுற்று விதி: மூடிய சுற்றில் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம்.

உதாரணமாக, 12 வோல்ட், 6 வோல்ட் பேட்டரிகள். உள்மின்தடை தலா 1 ஓம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து 4 ஓம் பல்புக்கு இணைக்கிறோம். இரண்டுமே கரண்ட் தருவதாக வைத்துக்கொள்வோம்: அ, ஆ. பல்புக்குப் போவது அ + ஆ.

அ + 4(அ + ஆ) = 12
ஆ + 4(அ + ஆ) = 6

விடை: அ = 4 ஆம்பியர், ஆ = –2 ஆம்பியர்.

மைனஸைப் பார்த்ததும் அடிச்சிடாதீங்க! நாம் நினைத்ததற்கு எதிர்த்திசையில் கரண்ட் ஓடுகிறது, அவ்வளவுதான். அதாவது 6 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகிறது. சரிபார்க்கணுமா? சந்திக்கு வந்த 4 ஆம்பியரில் பல்புக்கு 2, பேட்டரிக்கு 2. கணக்கு சரி!