ஞாயிற்றுக்கிழமையும் நம் மோட்டார் வண்டியும்

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறும் நம்மவர்க்கு, மனத்துக்கிசைந்த வைத்தியர், தையற்காரர், மோட்டார் மெக்கானிக் ஆகிய மூவரும் வாய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வைத்தியமும் தையலும் நம்மால் ஆகக்கூடிய காரியங்கள் அல்ல என்பதை விரைவிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். மோட்டார் வண்டி விஷயத்தில் மட்டும், "நாமே செய்துகொண்டால் என்ன?" என்னும் எண்ணம் தலைகாட்டுகிறது. பட்டறைக்காரர் விரைவான ஹிந்தியில் அடுக்கும் ஐந்து பழுதுகளில் இரண்டுதான் நமக்குப் புரிகின்றன; ரசீதிலோ ஐந்துக்கும் கூலி எழுதப்பட்டிருக்கிறது. இந்த மனத்தாங்கலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் இறங்கிவிடுகிறோம். பகல் உணவுக்குள் முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்லியும் வைக்கிறோம்.

பகல் உணவுக்குள் எந்த வேலையும் முடிவதில்லை. இது நம்முடைய அறியாமையால் மட்டும் விளைவதன்று. வேலை சிறியதே, அந்த வேலையை அடைவதற்குக் கழற்ற வேண்டியவை பெரியவை. கைப்புத்தகத்தில் "நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுக்கவும்" என்று ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று போல்ட்டுகள் சாதுவாகக் கழன்று வரும். நான்காவதுதான் நாள் முழுவதையும் விழுங்குவது.

அந்த நான்காவது போல்ட் ஏன் அசைய மறுக்கிறது? இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளியில் துரு பிறந்தால், விரிவதற்கு இடமின்றி அது ஆப்பு அடித்தாற்போல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ கடற்காற்றின் உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. டில்லியின் வறண்ட காற்றில் துரு மெதுவாகவே ஏறும். ஆயினும் பத்து ஆண்டுகளின் மழைக்காலச் சேறும் பனிக்கால ஈரமும் சேர்ந்தால் அங்கும் முடிவு ஒன்றே.

இதற்குப் பரிகாரம் பலமன்று, பொறுமையே. துரு இளக்கும் எண்ணெயைச் சனிக்கிழமை மாலையே மரையில் சொட்டவிட்டு, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியால் மெல்லத் தட்டினால், துருவில் நுண்ணிய வெடிப்புகள் ஏற்பட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். நாமோ எண்ணெய் விட்ட ஐந்தாவது நிமிஷத்தில் ஸ்பானரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு நிற்கிறோம். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரை 20 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுத்தால் போல்ட்டின் மேல் விழும் திருகுவிசை 5 கிலோகிராம்-மீட்டர். அதே இழுப்பை ஒரு மீட்டர் குழாயின் முனையில் கொடுத்தால் அது 20 ஆகிவிடும். போல்ட் கழன்றுவிட்டது என்று மகிழும் அந்தக் கணத்தில், கையில் வந்திருப்பது அதன் தலை மட்டுமே. உடல் உள்ளேயே தங்கிவிட்டது. அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாவது இவ்விதம்தான்.

ஸ்பானரின் அளவு பொருந்தாமையும் இதைப் போன்றதே. 1958 முதல் 2014 வரை நம் நாட்டுச் சாலைகளுக்காகத் தயாராகி வந்த அம்பாசிடரை வைத்திருந்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள். ஆங்கிலேய மாதிரியிலிருந்து பிறந்த அந்த வண்டியில் அங்குலக் கணக்கு. பின்னர் அதில் பொருத்தப்பட்ட 1800 சி.சி. ஜப்பானிய எஞ்சினில் மில்லிமீட்டர்க் கணக்கு. ஒரே வண்டியில் இரண்டு தேசத்து அளவுகளும் குடித்தனம் செய்தன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் 'ஏறக்குறைய' உட்காரும். அந்த ஏறக்குறையவே கேடு. 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும், அழுத்தும்போது ஸ்பானர் வழுக்கி, அறுகோணத் தலையின் மூலைகளை மழித்து வட்டமாக்கிவிடும். நம் விரல் முட்டிகளும் அருகிலுள்ள தகரத்தில் மோதித் தோலுரியும். முக்கால் அங்குலமும் 19 மில்லிமீட்டரும் மட்டும் ஏறத்தாழ ஒன்றே. அந்த ஒன்றை நம்பி மற்றவற்றையும் அப்படியே எண்ணிவிடுகிறோம்.

உதிரிப்பாகக் கடைக்குப் போவது தனிக் கதை. டில்லியில் காஷ்மீரி கேட்டில் மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே போய் 'மரை' என்றால் யாருக்கும் விளங்காது. மரைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சூடி', அதாவது வளையல். மரை அழிந்துவிட்டால் 'சூடி செத்துப்போயிற்று' என்பார்கள். ஸ்பானர் 'பானா', திருப்புளி 'பேச்கஸ்', போல்ட் 'காப்லா'. இந்த நான்கு சொற்களை அறிந்தவரைக் கடைக்காரர் சற்று மரியாதையுடனேயே பார்க்கிறார். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது மிக அவசியம். ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறுகின்றன. 'இதே மாதிரிதான்' என்று வாங்கி வந்தது வீட்டில் ஒரு நூலளவு பெரிதாக இருக்கும். ஆனால் பழைய பாகத்தைக் கழற்றிய பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போக முடியாது அன்றோ? போதாக்குறைக்கு நமக்கு விடுமுறையான ஞாயிறே அச்சந்தைக்கும் விடுமுறை. மூன்று சக்கரத்தோடு நிற்கும் வண்டியை வாசலில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை மெட்ரோ ரயிலில் அலுவலகம் சென்ற அனுபவம் நமக்கு உண்டு.

இவையெல்லாம் எரிச்சல்களே, பொழுதும் பணமும் போவதோடு நிற்பவை. எரிச்சல் முற்றியபின் நாம் செய்யும் காரியங்களே அஞ்சத்தக்கவை. ஒரு முறை நமக்கு நேர்ந்ததை இங்கே சொல்லிவிடுகிறோம்.

பின்சக்கரத்துப் பிரேக்கிலிருந்து கிறீச்சென்ற ஓசை வந்தது. ஜாக்கியை வைத்து இடப்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக் கழற்றினோம். உள்ளேயிருந்த டிரம் வரவில்லை. எண்ணெய் விட்டோம், மரக்கட்டை வைத்து அடித்தோம், கட்டையை எறிந்துவிட்டு இரும்பாலும் அடித்தோம். ஒன்றரை மணி நேரம் கழிந்தது. பல வண்டிகளில் டிரம்மின் முகத்தில் இரண்டு சிறு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் தக்க போல்ட்டுகளைப் போட்டுச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் திருகினால், டிரம் தானே வெளியே தள்ளப்படும். அத்துளைகள் அழுக்கில் மூடிக்கிடந்ததால் நமக்குத் தெரியவில்லை. மேலும் ஒன்று இருந்தது. அடுத்த வீட்டில் வசிக்கும் பஞ்சாபிப் பெரியவர், இந்த ஓசையைப் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து, சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பாயி சாஹப், ஹாண்ட் பிரேக்?" என்று மட்டும் கேட்டார்.

பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பிரேக் ஷூக்கள் உள்ளிருந்து டிரம்மை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஆயிரம் முறை அடித்தாலும் அது வராது. வெட்கத்தோடு எழுந்து சென்று, சன்னல் வழியே கையைவிட்டுக் கைப்பிரேக்கை விடுவித்தோம். வண்டி கியரில் இல்லை. முன்சக்கரங்களுக்கு அடியில் கல்லும் வைக்கவில்லை. தெருவோ பார்வைக்குச் சமதளம். உண்மையில் மழைநீர் வடிவதற்காகச் சற்றே சரிந்திருந்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து விழுந்தது. டிரம்மின் அருகில் டார்ச்சு விளக்கைப் பிடித்துக் குந்தியிருந்தவன் பள்ளியில் படிக்கும் நம் மகன்.

அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. கழற்றிய சக்கரம் தெருவில் போவோர்க்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவனே அதனை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தான். வண்டியின் விளிம்பு அச்சக்கரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. டிரம்முக்கும் தரைக்கும் நடுவே அவனுடைய கை இருந்த இடத்தில் நான்கு விரற்கடை இடைவெளி மிஞ்சியது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தம் வீட்டுக்குள் சென்று இரண்டு கருங்கற்களைக் கொண்டுவந்து முன்சக்கரங்களின் முன்னும் பின்னும் வைத்தார். வீட்டில் உள்ளவர்களிடம் இதனை நாம் முழுமையாகச் சொன்னது ஒரு வாரம் கழித்துத்தான்.

சிறிய கார்கூடப் பல நூறு கிலோ எடையுள்ளது. வண்டியோடு தரப்படும் ஜாக்கி சாலையோரத்தில் சக்கரம் மாற்றுவதற்காக அமைந்தது. அதனை நம்பி உடலின் எந்த அங்கத்தையும் வண்டிக்கு அடியில் நீட்டலாகாது. ஆக்ஸில் ஸ்டாண்டு எனப்படும், முக்காலி போன்ற இரும்புத் தாங்கிகள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பதிலாகச் செங்கல் அடுக்குவது நம்மிடையே பரவலாகக் காணப்படும் பழக்கம். செங்கல் முன்னெச்சரிக்கை ஏதுமின்றிச் சட்டென்று நொறுங்கக்கூடியது. வெயிற்காலத்துத் தார்ச்சாலை இளகி ஜாக்கியின் அடிப்பாகத்தை விழுங்கும் என்பதால் கீழே கனத்த பலகை வேண்டும். சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய பின் குழாய்போட்டு இழுத்தால் வண்டியே ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். கல்லும் தாங்கியும் முதல் நட்டைத் தொடுமுன் வைக்கப்பட வேண்டியவை. நான்காம் மணி நேரத்தில், வேர்வையும் கோபமுமாக இருக்கும்போது, எவருக்கும் அவை நினைவுக்கு வருவதில்லை.

பிரேக்கைப் பற்றி இன்னும் சில. ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளைக் கழற்றும்போது அவை துள்ளிச் சாக்கடையில் விழுவது வழக்கம்; எது எங்கே இருந்தது என்பது மறந்துபோவதும் வழக்கம். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரித்தால், பிரிக்காத பக்கமே மாதிரிப் படமாக உதவும். உள்ளே படிந்துள்ள தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை சென்டிகிரேடுக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 பாகையளவுக்கு இறங்கிவிடும். மலைப்பாதையில் இறங்கும்போது அது கொதித்து ஆவியானால் மிதி தரை வரை அமிழும், வண்டி நில்லாது. ஆகவே என்றோ திறந்து பாதி மிஞ்சிய டப்பாவைச் சிக்கனம் கருதி ஊற்றவேண்டாம். வேலை முடிந்ததும் நின்ற நிலையிலேயே மிதியைப் பலமுறை அழுத்திப் பார்த்து, அது பஞ்சுபோல் அமுங்கினால், தன்மானம் பாராமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே தகும்.

புதிய வண்டிகளில் நமக்கு இந்தச் சங்கடங்கள் குறைவு. ஏனெனில் நம்மால் தொடக்கூடியதே குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையாகும் கார்களில் புகையை அடக்கும் உணர்கருவிகளும் அவற்றை ஆளும் கணினியும் நிறைந்துள்ளன. ஸ்டீயரிங்குக்கு அருகே, டாஷ்போர்டின் அடியில் 16 முனைகள் கொண்ட ஒரு துளை இருக்கும். அதில் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படித்தாலன்றி எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறதென்று தெரியாது. பொத்தானை அழுத்தினால் இயங்கும் மின்சாரக் கைப்பிரேக் உள்ள பல கார்களில், பின் பிரேக்கைப் பிரிக்குமுன் கணினிக்குக் கட்டளையிட்டு மோட்டாரைப் பின்வாங்கச் செய்யவேண்டும். நம் கருங்கல்லுக்கும் சுத்திக்கும் அங்கே வேலையில்லை. வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை குறித்து மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்து, அவ்வாண்டு இறுதியில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. அதன் பரிசீலனைக்குரிய பொருள்களில் மோட்டார் வண்டியும் ஒன்று.

இத்தனைக்கும் பிறகு வீட்டிலேயே எதைச் செய்யலாம்? காற்று வடிகட்டியை மாற்றுவது, வைப்பர் ரப்பரை மாற்றுவது, டயரின் காற்றை அளப்பது, எண்ணெயின் மட்டம் பார்ப்பது ஆகியவற்றில் ஆபத்தில்லை. பாட்டரியைக் கழற்றுவதும் எளிதே. ஆனால் எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், நேர்முனையில் வைத்த ஸ்பானர் தற்செயலாக வண்டியின் உடலைத் தொட்டு, மின்சாரம் குறுக்கே பாய்ந்து தீப்பொறி பறக்கும். எஞ்சின் எண்ணெயை மாற்றுவதும் கைக்கு அடங்கிய வேலையே. வடிப்பு ஆணியை மிகையாக இறுக்கி, அலுமினியத் தொட்டியின் 'சூடியைச் சாகடிக்காமல்' இருந்தால் சரி. வடித்த கரிய எண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டுவது கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது சாதாரணக் குப்பையன்று. பழைய டப்பாவிலேயே அடைத்து, அதனைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

நம் வண்டியின் பிரேக் வேலையை இப்பொழுது பெரியவர் சொன்ன ஒரு மெக்கானிக் செய்கிறார். அவர் டிரம்மைக் கழற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய பத்து நிமிஷம். இரண்டு கருங்கற்களையும் நாம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவை டிக்கியில் உள்ளன.