பஞ்சாமிர்தம் பிறக்கும் மலைச்சரிவு

எதிரே நிற்பது விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, செடிகளுக்கு நிழலாகவும் வருமானமாகவும் தலைமுறைகளாக வளர்க்கப்படுகிறது. பழத்தில் ஈரப்பசை குறைவு. தோல் கருத்துச் சுருங்கினாலும் சதை எளிதில் கெடாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேர்ந்தவர்களின் நுட்பம் வியக்க வைக்கிறது.

உரித்த பழத்தைப் பிசைந்து, நாட்டுச் சர்க்கரை, கொட்டை நீக்கிய பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலப்பொடி சேர்ப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பழத்தில் இருக்கும் கொஞ்ச நீரையும் சர்க்கரை தன்வசம் இழுத்துக்கொள்வதால் கிருமிகள் பெருக வழியில்லை. பதப்படுத்தும் மருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. ஐரோப்பியரின் பழ ஜாமும் வடநாட்டு முரப்பாவும் கெடாமல் இருப்பது இதே முறையில்தான். காவடி சுமந்து கால்நடையாக வந்த பக்தர்கள் முருகனின் அபிஷேகப் பிரசாதத்தை ஊர்வரை கொண்டுசெல்ல முடிந்ததும் இதனால்தான்.

மலைவாழைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது; தமிழகக் கோயில் பிரசாதங்களில் அதுவே முதல்.

ஆனால் இந்த வாழையே அழியும் நிலைக்குப் போனதுண்டு. 1970களில் அசுவினிப் பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. நோய் கண்ட வாழையின் இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும், குலை தள்ளாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் உருவாக்கிய நோயற்ற கன்றுகளை நட்டுத்தான் மலை விவசாயிகள் இதை மீட்டு வருகிறார்கள்.